பில் போட்ட மண்

நுவரெலியாவிலிருந்து கடைசி பஸ்ஸில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பக்கத்து சீட்டு மனுசி கேட்டாள்: அரிசியா?
மண் என்றேன்.
அவள் யன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்தாள்.

சரியாகச் சொன்னால் மண்ணுமில்லை.
பீட் மொஸ்.
விதைக்கடை நிஸ்தார் நானா சொன்னது:
லட்வியா என்று ஒரு நாடு, அங்கே ஒரு சதுப்பு,
அதில் செத்துச் செத்து விழுந்த பாசி.
மக்கவில்லை,
மக்குவதற்குக் காற்றுக் கிடைக்கவில்லை.
வருசத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உயருமாம்.
என் மடியில் இருந்ததோ ஒரு முழம்.
கணக்குப் பார்க்கப் பயந்து
லிந்துலை வரை கண்ணை மூடிக்கொண்டேன்.

பிகோனியா விதை மூக்குப்பொடி மாதிரி,
தும்மினால் தோட்டமே போய்விடும்.
இரண்டு வருசம் லயத்துப் பின்பக்க மண்ணில் தூவினேன்.
முளைத்த நாலாம் நாள்
கழுத்தில் நூல் கட்டி இறுக்கியதுபோல் கறுத்து
வரிசையாய்ச் சாய்ந்தன.
மண்ணை அவித்துப் பார் என்றாள் பவளராணி.
அவித்தேன். காம்பரா முழுக்க மழைக்கால நாற்றம்,
சோற்றிலும் அதே நாற்றம்.
அந்தத் தடவை ஐந்தாம் நாள் சாய்ந்தன.

பரமேஸ் வெள்ளவத்தைக் கடையிலிருந்து
போனில் சிரித்தார்:
"மலையே மண்ணாக் கெடக்கு,
நீ காசு குடுத்து மண்ணு வாங்குறியா?"

கையில் பில் இருந்தது.
சிங்களத்தில் என் பெயர்.
ணகரமும் னகரமும் இடம் மாறிய கனகமணி,
பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலும் அப்படித்தான்.
இத்தனை மலையில்
என் பெயருக்குத் துண்டு உள்ள மண்
இந்த ஒரு பொதிதான் என்று சொல்ல வாய் எடுத்தேன்.
ரீலோட் முடிந்துவிட்டது.

வாளியில் கொட்டிப் பீலித் தண்ணீர் ஊற்றினேன்.
குடிக்க மாட்டேன் என்றது.
தண்ணீர் அடியில், அது மேலே,
தொட்டால் விரலில் ஒட்டியது காய்ந்த தூள்.
நூறு நூறு வருசம் தண்ணீரிலேயே கிடந்தது
ஒரு கப்பல் பயணத்தில்
தண்ணீரை மறந்துவிட்டது.

இளஞ்சூடாய் ஊற்றணும் என்றிருந்தார் நானா.
தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலை இறக்கினேன்.
ரொட்டி மாப் பிசைவதுபோல் பிசைந்தேன்,
கொழுந்துக் கறை ஏறிய விரல் வெடிப்புகளில்
இன்னொரு தேசத்துக் கறுப்பு.
மெல்ல மெல்ல ஊறி, வாளி நிரம்பி,
இரண்டாம் வாளி தேடி ஓடினேன்.
புளித்த சாதிதான் இதுவும்,
தேயிலைக்குப் பிடிக்கும், பிகோனியா அவ்வளவு கேட்காது.
ஒரு பிடி டொலமைட் போட்டேன்,
ஸ்டோர் வாசலில் சிந்திக் கிடந்ததைக் கூட்டியது.
அதற்குப் பில் இல்லை.

பிசையும்போது ஒன்று தோன்றியது.
அந்தச் சதுப்பை வெட்டுகிறவர்களுக்கும்
விடியப் பெரட்டு இருக்குமா?
கிலோ குறைந்தால்
அரைப்பேர் போடுவார்களா?
வெட்டிய குழியில் யாராவது எட்டிப் பார்ப்பார்களா?
நான் அள்ளிய ஒரு முழத்தை
திரும்ப நிரப்ப
எத்தனை தலைமுறைப் பாசி சாக வேண்டும்?

பதினெட்டாம் நாள்
ஐஸ்கிறீம் டப்பாவில் பச்சை தெரிந்தது,
கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற பச்சை.
நாலாம் நாள் வேலைக்குப் போகவில்லை,
தலைவலி என்று சொல்லியனுப்பினேன்.
ஐந்தாம் நாளும் நின்றன.
ஆறாம் நாள் மூன்று சாய்ந்தன, மற்றதெல்லாம் நின்றன.

வெறும் பொதியைக்
கூரைத் தகரத்தின் ஓட்டையில் செருகியிருக்கிறேன்.
லட்வியாவில் சொட்டி, எங்கள் அடுப்படியில்
சொட்டாமல் நிற்கிறது மழை.

அடுத்த முறை தும்புத்தூள் எடுங்க தங்கச்சி,
சிலாபத்திலிருந்து வருது, பாதி விலை
என்கிறார் நானா.
எடுக்கலாம்.
அதற்கும் பில் போடுங்கள் என்றேன்.
நாலு வாளித் தும்புக்கா என்று கேட்டுக்கொண்டே
பேனையைத் தேடினார்.
இந்த முறை பக்கத்தில் நின்று
எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்.